400 முட்டையில் எத்தனை தேறும்?

குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், மாவுப்பூச்சி வந்ததிலிருந்து எங்கள் தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து வாட்ஸப் குழுக்களில் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. "ஒரு பூச்சி 400 முட்டை போடும், இன்றே மருந்து அடியுங்கள்." முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் வம்பு. முட்டைக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துகிற யாரையும் நான் நம்புவதில்லை, ஏனென்றால் ஒரு உயிரினம் பெருகுமா, அப்படியே நிற்குமா, அற்றுப்போகுமா என்பதை முட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த முட்டையில் எத்தனை சாகாமல் தேறி, வளர்ந்து, தானும் முட்டை போடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறேன், வீட்டில் கிழங்கு போடுகிறோம், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டி முழக்க எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எந்த மாவுப்பூச்சி என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். 2008ல் கோயம்புத்தூர் பக்கம் முதலில் கண்ணில் பட்டு, இரண்டே வருஷத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது பப்பாளி மாவுப்பூச்சி. பேர்தான் பப்பாளி. குச்சிக்கிழங்கு, மல்பெரி, செம்பருத்தி, பார்த்தீனியம் என்று எதில் வேண்டுமானாலும் உட்காரும். பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் அந்த இரண்டு வருஷத்தை இன்னும் மறக்கவில்லை. மல்பெரி இலை சுருண்டு கருத்துப்போனால் புழுவுக்கு எதைப் போடுவது? இன்னொன்று மரவள்ளி மாவுப்பூச்சி. இது 2020ல் கேரளாவில் திருச்சூரில் கண்டுபிடிக்கப்பட்டு, அப்புறம் சேலம், நாமக்கல், தருமபுரி என்று குச்சிக்கிழங்கு இருக்கிற இடமெல்லாம் வந்து சேர்ந்தது. மேலே இருக்கிற மாவைத் தட்டிவிட்டுப் பார்த்தால் பப்பாளிப் பூச்சி மஞ்சளாக இருக்கும், மரவள்ளிப் பூச்சி இளஞ்சிவப்பாக இருக்கும். இந்த நிற வித்தியாசம் ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

தாக்கப்பட்ட செடியை தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். நுனி இலைகள் விரியாமல் ஒன்றோடொன்று சுருட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் மாதிரி குவிந்து நிற்கும், தண்டில் கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, செடியே கூன் விழுந்த மாதிரி ஆகிவிடும். அந்தக் குவியலை நகத்தால் பிரித்தால் உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள்தான் முட்டை, அதைச் சுற்றித் தாய்ப்பூச்சிகள், அவற்றின் மேல் எறும்பு ஓடிக்கொண்டிருக்கும். எறும்பு சும்மா ஓடுவதில்லை. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பாக ஒரு கழிவை விடும், அதற்காக எறும்பு காவல் நிற்கும், வேறு பூச்சி கிட்டே வந்தால் விரட்டும். அந்த இனிப்பு சிந்திய இலையில் கரும்பூசணம் படர்ந்து இலை புகைக்கரி பூசின மாதிரி ஆகும். கடைசியில் கிழங்கு தோண்டும்போதுதான் முழுக் கணக்கும் தெரியும்: எடையும் குறைந்திருக்கும், சேகோ ஆலையில் மாவுச்சத்தை அளந்து போடுகிற பாயிண்ட்டும் குறைந்திருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், சேர்க்கை இல்லாமலே முட்டை போடும். நல்ல வெயில் காலத்தில் ஏறத்தாழ ஒரு மாசத்துக்கு ஒரு தலைமுறை. ஒரு தாய் 400 முட்டை போடுகிறது, அதில் 399 செத்து ஒன்றே ஒன்று தேறுகிறது என்று வையுங்கள். அந்த ஒன்று தாயின் இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். வருஷக் கடைசியிலும் எண்ணிக்கை அதேதான். இப்போது 399க்குப் பதில் 398 சாகிறது, இரண்டு தேறுகிறது. மாசத்துக்கு இரட்டிப்பு. பன்னிரண்டு மாசத்தில் ஒன்று 4,096 ஆகும். மூன்று தேறினால்? 5,31,441. முட்டை எண்ணிக்கையில் ஒரு மாற்றமும் இல்லை, சாவில்தான் வித்தியாசம், அதுவும் 400க்கு ஒன்று இரண்டு. 'இத்தனை நாள் இல்லாத பூச்சி எப்படி திடீரென்று கிளம்பிச்சு' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: கிளம்ப ஒன்றும் பெரிசாக மாற வேண்டியதில்லை.

பிளஸ் டூ புத்தகத்தில் இதைத்தான் ஜே வடிவ வளைகோடு என்று போட்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் எஸ் வடிவ வளைகோடு. உணவும் இடமும் குறையக் குறைய பெருக்கம் மெதுவாகி ஓர் உயரத்தில் தட்டையாகிவிடும் என்று 1838ல் பெல்ஜியத்துக் கணிதர் வெர்ஹல்ஸ்ட் எழுதிய சமன்பாடு. பிள்ளைகள் இரண்டு மார்க்குக்குப் படம் வரைந்து மேலே ஒரு கோடு போட்டு 'தாங்குதிறன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். விவசாயி பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த மேல்தட்டு ஒரு பிரயோஜனமும் இல்லாத இடம். மாவுப்பூச்சி தன் தாங்குதிறனைத் தொடும்போது செடியின் நுனி முழுக்கக் கருகியிருக்கும். பூச்சி தானாக நிற்கும்தான், ஆனால் தின்ன மிச்சமில்லாமல் நிற்கும்.

அதோடு எஸ் வளைகோடு ரொம்ப மரியாதையான வளைகோடு, எல்லா உயிரும் அப்படி அழகாகப் போய் மேலே உட்காருவதில்லை. அலாஸ்கா பக்கம் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. அங்கே 1944ல் 29 துருவ மான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். ஓநாய் இல்லை, வேட்டை இல்லை, தரை முழுக்கப் பாசி மாதிரி லைக்கன் தீனி. 1957ல் 1,350. 1963ல் 6,000. லைக்கன் மறுபடி வளர வருஷக்கணக்கில் ஆகும், மான் அதற்குக் காத்திருக்குமா? 1963-64 குளிர்காலம் கடுமையாக வந்தது, 1966ல் போய் எண்ணினால் 42. தட்டையான மேல்தட்டு எங்கேயும் இல்லை, ஏறியது, விழுந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

உணவு தீர்ந்து நிற்பதற்கு முன்னால் நிறுத்துவது எது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. மழை ஒன்று. நல்ல மழை நாலு அடித்தால் மாவுப்பூச்சி கழுவிக்கொண்டு போகும், அதனால்தான் மாசி, பங்குனி, சித்திரையில் ஏறுகிற பூச்சி மழைக்காலத்தில் அடங்குகிறது. ஆனால் மழைக்குக் கணக்குத் தெரியாது. பூச்சி கொஞ்சமாக இருந்தாலும் அடிக்கும், கோடிக்கணக்கில் இருந்தாலும் அதே மாதிரி அடிக்கும், அடுத்த வெயிலுக்கு மிச்சம் இருப்பது மறுபடி முதலிலிருந்து பெருக்கும். எண்ணிக்கையைக் கட்டிப்போட வேண்டுமென்றால், பூச்சி கூடும்போது சாவும் கூட வேண்டும், பூச்சி குறையும்போது சாவும் குறைய வேண்டும். பூச்சியையே தின்று தானும் பெருகுகிற ஒரு எதிரி இருந்தால்தான் அது நடக்கும்.

இதற்கு மரவள்ளியின் கதையே சாட்சி. மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். போர்த்துக்கீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனபோது இந்த மாவுப்பூச்சி கூடவே போகவில்லை, பல நூறு வருஷம் ஆப்பிரிக்க மரவள்ளி நிம்மதியாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் பூச்சி வந்து இறங்கியது. அதன் எதிரிகள் மட்டும் வரவில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் மரவள்ளியையே சோறாக நம்பியிருந்த நாடு நாடாக விழுங்கியது. நைஜீரியாவில் இருந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இதன் சொந்த ஊரைத் தேட வைத்தார். சொந்த ஊரிலோ அது கண்ணிலேயே படவில்லை! வருஷக்கணக்கில் தேடி, 1981ல் பராகுவே நாட்டில்தான் அகப்பட்டது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அதே பூச்சி, அதே நூற்றுக்கணக்கான முட்டை. ஆனால் ஆப்பிரிக்காவில் பஞ்சம் உண்டாக்கும் பூச்சி, பராகுவேயில் தேடித் தேடிப் பிடிக்க வேண்டிய பூச்சி.

அங்கே அதைக் கட்டிப்போட்டிருந்தது அனகைரஸ் லோபெஸி என்கிற ஒரு குளவி. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம், இது கொசுவை விடச் சின்னது. ஆப்பிரிக்காவில் விட்டார்கள், சில இடங்களில் விமானத்திலிருந்துகூட விட்டார்கள், பெரும்பாலான வயல்களில் மாவுப்பூச்சி பொருட்படுத்த வேண்டாத அளவுக்கு இறங்கியது. ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நமக்கு அந்தக் குளவி பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் வழியாக வந்து, 2022ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சிக்கும் இதே கதைதான்: 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற வேறொரு குளவி வந்தது, ஒன்றிரண்டு வருஷத்தில் பூச்சி அடங்கியது. கவனியுங்கள், வேறொரு குளவி. இளஞ்சிவப்புப் பூச்சிக்கு உள்ள குளவி மஞ்சள் பூச்சியைச் சீண்டாது. நிறம் பார்க்கச் சொன்னது அதற்குத்தான்.

குளவியைப் பார்ப்பது கஷ்டம், அது செய்த வேலையைப் பார்ப்பது சுலபம். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையைச் செருகிவிடும். உள்ளே புழு பொரித்து பூச்சியை உயிரோடு தின்னும். சில நாளில் அந்தப் பூச்சி வெள்ளை மாவு உதிர்ந்து, பழுப்பாகி, உப்பி, கெட்டியாகிவிடும், ஊசி முனையால் தட்டினால் உமி மாதிரி ஓசை வரும். இதைத்தான் 'மம்மி' என்கிறார்கள். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் வட்டமாக வெட்டி எடுத்த மாதிரி ஓட்டை இருக்கும். ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது, இல்லையென்றால் உள்ளேதான் இருக்கிறது. மாவுப்பூச்சிக்கு ஒரு தலைமுறை ஆவதற்குள் குளவிக்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறை ஆகிவிடும், அதனால் முட்டையில் தோற்றாலும் வேகத்தில் எட்டிப்பிடிக்கும். இன்னொன்று, தாக்கப்பட்ட மரவள்ளிச் செடி ஒரு வாசனை விடுகிறது, குளவி அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வயலில் பத்துச் செடியில் மட்டும் பூச்சி இருந்தாலும் அந்தப் பத்தைத் தேடிப்போகிற எதிரி இது. மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு போகிற ஆளால் இது ஆகாது.

இப்போது அந்த 'இன்றே மருந்து அடியுங்கள்' பக்கம் வருகிறேன். எங்கள் சித்தப்பா போன கோடையில் ஒரு உரக்கடையில் சொன்னதைக் கேட்டு மூன்று மருந்தைக் கலக்கி அடித்தார். பூச்சி சுருண்ட இலைக்குள்ளே மெழுகு மாவைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது, அதன் மேல் மருந்து முழுசாகப் படுவதே பெரும்பாடு. வெளியே பறந்து திரியும் குளவிக்கு அந்தப் போர்வை இல்லை.

"அதெல்லாம் சரிம்மா, பூச்சி செத்துச்சா இல்லையா?"

"செத்துச்சு சித்தப்பா. எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் முன்ன விட அதிகமா வந்திருச்சு. மருந்துல கலப்படம்."

மருந்தில் கலப்படம் இருக்கலாம், அதைப் பற்றி நான் பேசவில்லை. கலப்படமே இல்லாத மருந்தும் இதைத்தான் செய்யும் என்று பூச்சி மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இத்தாலியக் கணிதர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே காட்டிவிட்டார். முதல் உலகப்போர் சமயத்தில் ஆட்ரியாடிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்துபோனது. போர் முடிந்து மீன் சந்தைக் கணக்கைப் பார்த்த உம்பெர்டோ டான்கோனா என்ற உயிரியலாளருக்கு ஆச்சரியம்: போர்க்காலத்தில் சுறா மாதிரி வேட்டை மீன்களின் பங்கு கூடியிருந்தது. வலை போடவில்லையென்றால் எல்லா மீனும் சமமாகத்தானே கூட வேண்டும்? தன் மாமனார் வீட்டோ வோல்டெராவிடம் கேட்டார், அவர் 1926ல் சமன்பாடு போட்டு விளக்கினார். வலை இரை மீனையும் பிடிக்கிறது, வேட்டை மீனையும் பிடிக்கிறது. வேட்டை மீனுக்கு அது இரட்டை அடி, ஆளும் போகிறது, சாப்பாடும் போகிறது. இரை மீனுக்கோ பாதி இழப்பை ஈடுகட்ட ஒரு லாபம் உண்டு, எதிரி குறைகிறான். ஆக இரண்டையும் கண்மூடித்தனமாகக் கொன்றால் கடைசியில் ஜெயிப்பது இரை. வலையை எடுத்துவிட்டு மருந்து டேங்கை வையுங்கள், இரை மீனுக்குப் பதில் மாவுப்பூச்சி, சுறாவுக்குப் பதில் குளவி. சித்தப்பா வயல் அச்சு அசல் அதுதான். அமெரிக்காவில் வேறொரு செதில் பூச்சியை அடக்கி வைத்திருந்த பொறிவண்டு, டிடிடி வந்த புதிதில் ஆரஞ்சுத் தோட்டங்களில் செத்துப்போக, அரை நூற்றாண்டாக அடங்கியிருந்த அந்தப் பூச்சி திரும்பக் கிளம்பியதும் இந்த வகைதான்.

இதில் நம் ஆட்களுக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத ஒரு விஷயம் உண்டு. குளவி விட்ட வயலில் மாவுப்பூச்சி பூராவும் ஒழியாது, ஒழியவும் கூடாது. ஒழிந்தால் குளவிக்குச் சாப்பாடு இல்லை, அதுவும் ஒழியும், பிறகு பக்கத்து ஊரிலிருந்து காற்றில் வருகிற முதல் பூச்சிக்கு வயல் முழுக்கத் திறந்த வீடு. 1935ல் நிக்கல்சன், பெய்லி என்று இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு இந்த ஒட்டுண்ணிக் குளவிக்கென்றே ஒரு சமன்பாடு எழுதினார்கள். அதில் பூச்சியும் குளவியும் ஏறி இறங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஏற்ற இறக்கம் பெரிதாகி, கடைசியில் இரண்டுமே அழிந்துவிடும். நிஜ வயலில் அப்படி நடப்பதில்லை. வேலியோரத்துச் செடியில் கொஞ்சம் ஒளிந்திருக்கும், எறும்புக் காவலில் கொஞ்சம் தப்பிக்கும், ஒரு மூலையில் அழிந்தது இன்னொரு மூலையிலிருந்து வந்து சேரும். ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் இரண்டையும் காப்பாற்றுகிறது. அதனால் அங்கங்கே நாலு நுனி சுருண்டிருந்தால், அதில் பழுப்பு மம்மி இருக்கிறதா என்று பார்க்காமல் டேங்கைத் தூக்காதீர்கள்.

எதிரியைக் கொண்டுவந்து விடுவது நமக்குப் புதிசும் இல்லை. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் காடு மேடெல்லாம் அடைத்துக்கிடந்த சனியன். 1920களில் அதைத் தின்றுதீர்க்க ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், கள்ளி குறைந்து இன்றைக்கு வேலியோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. அந்தப் பூச்சி எது தெரியுமா? வெள்ளைப் பஞ்சு போர்த்திய செதில் பூச்சி, நம் மாவுப்பூச்சிக்கு ஒன்றுவிட்ட பங்காளி. கள்ளிக்கு எமன், நமக்குப் புண்ணியவான்.

முட்டைக் கணக்குக்கு நேர் எதிர் முனையில் இருக்கிற ஒரு ஜீவனையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் 'பெருகிப்போச்சு' என்று மாவுப்பூச்சிக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படுவது யானை. தேன்கனிக்கோட்டை, தளி, பாலக்கோடு பக்கம் ராகி முற்றும் சமயத்தில் யானை இறங்கும்போது இந்தப் பேச்சு கிளம்பும். வயலை இழந்தவருக்குக் கோபம் வருவது நியாயம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓரிடத்தில் எண்ணிக்கை கூட இரண்டு வழி இருக்கிறது, பிறப்பது ஒன்று, வெளியிலிருந்து வருவது இன்னொன்று. யானைக்குச் சினைக்காலமே 22 மாசம், ஒரு தடவைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு நாலைந்து வருஷம். எந்த யானையும் ஒரே வருஷத்தில் இரட்டிப்பாகாது. போன வருஷம் இருபது பார்த்த இடத்தில் இந்த வருஷம் நாற்பது பார்த்தால், அது பிறந்த நாற்பது அல்ல. பன்னேருகட்டா பக்கமிருந்தும் காவிரிக் காட்டிலிருந்தும் நடந்து வந்தது. அதே காரணத்தால் சாவும் யானைக்கு வேறு கணக்கு. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானை ஒரே இடத்தில் விழுந்தது, இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. மாவுப்பூச்சியில் 400க்கு 399 செத்தாலும் கூட்டம் அசையாது, யானையில் வளர்ந்த பெண் ஒன்று போனால் அந்த இடம் நிரம்பப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

வெளியிலிருந்து வருவது என்றேனே, மாவுப்பூச்சிக்கும் அது உண்டு, அங்கேதான் நம் கை எட்டும். காற்றில் வருவதை நிறுத்த முடியாது. ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் இது காற்றில் மட்டுமா வந்தது? விதைக்குச்சிக் கட்டோடு வேனில் ஏறி வந்தது. குச்சி தட்டுப்பாடு வருகிற வருஷத்தில் யார் எங்கிருந்து கொண்டுவந்தது என்றே கேட்காமல் வாங்கி நடுகிறோம், கணுவுக்குள் பூச்சி உட்கார்ந்து கூடவே வருகிறது, அது வருகிற இடத்தில் குளவி இருக்கிறதா என்பது அதிர்ஷ்டம். இந்தத் தடவை எங்கள் வீட்டில் வெளிக்குச்சி வாங்குவதில்லை என்று முடிவு. நுனி சுருளாத செடியாகப் பார்த்து ரிப்பன் கட்டி வைத்திருக்கிறோம், அதிலிருந்துதான் நடுவதற்குக் கரணை. மிச்சச் செடியில் வெள்ளையாகப் பூச்சி அப்பிய நுனியைக் கிள்ளி எரிக்கிறோம், பழுப்பு மம்மி தெரிகிற நுனியை மட்டும் செடியிலேயே விட்டுவிடுகிறோம். எரிக்கிற நுனிக்கும் விடுகிற நுனிக்கும் வித்தியாசம் தெரிய சித்தப்பாவுக்கு ஒரு கைலென்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வாங்கியதும் முதல் வேலையாகத் தன் மருந்து பில்லில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.